கொண்டுகூட்டும் எச்சமும்: வினைமுற்றுக்குப் பின்னால் நிற்கும் சொற்கள் பற்றி

"சூப்பர்வைசர் அடிச்ச புள்ள நின்னுட்டாளுங்க, வெள்ளிக்கிழமையே."

பேசப்பட்டது இது. எழுதப்பட்டது கீழே இருப்பது:

"வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அடித்த பெண் வேலையிலிருந்து நின்றுவிட்டாள்."

முதல் வாக்கியத்தைச் சொன்னவர் திருப்பூரில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண். இரண்டாவதை எழுதியவன் நான். சில வருடங்களுக்கு முன் பனியன் தொழிலாளர்களிடம் வாக்குமூலம் வாங்கிய ஒரு குழுவில் 'நல்ல நகல்' எழுதும் வேலை எனக்கு வாய்த்தது. டேப்பில் இருப்பதைக் கேட்டு, பேச்சுவழக்கைத் திருத்தி, வாக்கியங்களை நேராக்கித் தர வேண்டும். நேராக்கினேன். விசாரணையில் கம்பெனித் தரப்பு சாவகாசமாக ஒரு ரெஜிஸ்டரை எடுத்து வைத்தது: வெள்ளிக்கிழமை அந்த சூப்பர்வைசர் லீவு. ஊரிலேயே இல்லாத ஆள் எப்படி அடிப்பார்? புகார் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. அடி விழுந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை என்பது அவள் வேலையை விட்டு நின்ற நாள். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அவர் வாக்கியத்தில் 'வெள்ளிக்கிழமையே' என்பதை 'அடிச்ச' என்பதோடு சேர்க்க எந்த வழியும் கிடையாது. நான் அதை வாக்கியத்தின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய் வைத்ததும் அந்த வழி திறந்துகொண்டது. போகிற போக்கில் ஓர் ஏகாரத்தையும் தின்றுவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தக் குற்றத்திலிருந்து பிறந்தது. வாக்கிய அமைப்பு என்பது பேராசிரியர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று நினைக்கும் தோழர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு தரம் படித்துவிட்டு மேலே வரலாம்.

தமிழ் வினையில் முடிகிற மொழி என்று படித்திருக்கிறோம். எழுத்துக்கு அது பெருமளவு சரி. பேச்சுக்கு? ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களின் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டால் போதும். "வந்துருச்சா, பஸ்ஸு?" "போட்டுட்டாங்களா, சம்பளம்?" "தெரியாதுங்க, எனக்கு." "அன்னிக்கே சொன்னனுங்க, அவருகிட்ட." வினை முடிகிறது, வாக்கியம் முடியவில்லை. முடிந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பெயரோ, நாளோ, இடமோ வந்து உட்காருகிறது. மொழியியலில் இதை வலப்பெயர்வு என்கிறார்கள். நான் 'வால்' என்றே சொல்கிறேன்.

வாலைப் பற்றி நமக்குள்ள பொதுவான எண்ணம், அது மறதி என்பது. முதலில் சொல்ல விட்டுப்போனதைப் பின்னால் ஒட்டுகிறார்கள். படிக்காதவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும். எழுதும்போது அதை அதன் 'சரியான' இடத்தில் வைத்துவிட வேண்டும். இதில் உள்ள வர்க்க நாற்றம் ஒருபுறம் இருக்கட்டும். இலக்கணமாகவே இது தப்பு.

வேற்றுமையைப் பாருங்கள். "திட்டுனாருங்க, என்னை." "பயந்துட்டனுங்க, அவருக்கு." "கேட்டனுங்க, மேனேஜர்கிட்ட." வால் வெறுமனே ஒட்டப்பட்ட பெயர் என்றால் அது வேற்றுமை உருபு இல்லாத மொட்டைப் பெயராக நிற்கலாமே. நிற்காது. 'திட்டு' இரண்டாம் வேற்றுமையைக் கேட்கிறது, 'பயப்படு' நான்காம் வேற்றுமையைக் கேட்கிறது. வால் அந்தந்த வினைக்குக் கட்டுப்பட்டே வருகிறது. அதாவது வாலுக்கு ஒரு வினை இருக்கிறது. காதில் விழாவிட்டாலும் இருக்கிறது.

எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. அவை இரண்டுமே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. தொல்காப்பியத்தின் எச்சவியலில் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சொற்கள் இடம் மாறி நிற்பதை நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்காகச் சொல்கிற அதே இயல்தான், சொல்லாமல் எஞ்சி நிற்பதைப் பத்து வகை எச்சமாகவும் சொல்கிறது. நன்னூல் முதலாவதைப் பொருள்கோள் எட்டு என்று விரித்தது. அந்த எட்டில் ஒன்று கொண்டுகூட்டு. உரையாசிரியர்களின் இரண்டு கைகளும் இவைதாம். ஒரு கை சொல்லை எடுத்து வேறு இடத்தில் வைக்கும். மற்றது, இங்கே இன்ன சொல் எஞ்சி நின்றது என்று வருவித்துக்கொள்ளும். செய்யுளுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை, பேச்சுக்காக அல்ல, அதை மறக்கவில்லை. ஆனால் இன்றைய வாக்கியவியலில் வாலைப் பற்றி நடக்கும் சண்டையும் இதே இரண்டு கைகளுக்கு இடையில்தான் நடக்கிறது. வால் உள்ளே இருந்து வலப்பக்கம் நகர்ந்தது என்பது ஒரு கட்சி. நகரவே இல்லை, அது இன்னொரு முழு வாக்கியத்தின் மிச்சம், மற்றதெல்லாம் முன் வாக்கியத்தில் இருப்பதால் தொக்கிப்போயிற்று என்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சிக்கு ஜப்பானிய மொழிதான் முதல் வயல். தமிழைப் போலவே வினையில் முடிகிற மொழி அது. பேச்சில் அதற்கும் வால் உண்டு. சுசுமு குனோ 1978இல் இதை ஆராய்ந்தார். ஹிதேகாசு தனாகா 2001இல், ஜப்பானிய வால் வாக்கியம் உண்மையில் இரண்டு வாக்கியங்கள், இரண்டாவதில் வால் முன்னே வந்து நிற்க மிச்சம் அழிகிறது என்று வாதிட்டார். டென்னிஸ் ஓட்டும் மார்க் டி விரீஸும் 2016இல் வெளியிட்ட கட்டுரை ஜெர்மனையும் டச்சையும் முதன்மையாக வைத்துக்கொண்டு இதையே விரிவாகச் செய்தது. இதற்கெல்லாம் அடியில் கிடப்பது ஜான் ராபர்ட் ராஸ் 1969இல் கவனித்த ஒரு சின்ன விஷயம். ஜெர்மனில் 'முகஸ்துதி செய்' என்ற வினை ஒரு வேற்றுமையையும் 'புகழ்' என்ற வினை இன்னொரு வேற்றுமையையும் கேட்கின்றன. 'யாரையோ புகழ்ந்தான், யாரை என்று தெரியவில்லை' என்று பாதியில் நிறுத்தினாலும், அந்த ஒற்றை வினாச்சொல் சொல்லாத வினைக்குரிய வேற்றுமையிலேயே வருகிறது. 'பயந்துட்டனுங்க, அவருக்கு' என்பதில் பார்த்ததும் இதேதான்.

வேற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு நகர்வுக் கட்சியைத் தோற்கடிக்க முடியாது. உள்ளே இருந்தபோதே உருபை வாங்கிக்கொண்டு வெளியே நகர்ந்தது என்பார்கள். நியாயம்தான். ஆகவே அடுத்தது.

"அதை அங்கயே வச்சுட்டனுங்க, டோக்கனை." "அவரு அப்பவே போயிட்டாருங்க, செக்கிங் மேனேஜரு." டோக்கன் உள்ளே இருந்து நகர்ந்து வந்தது என்றால் அது இருந்த இடம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை, 'அதை' உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாற்காலியில் ஓர் ஆள்தான். 'அதை' முதல் வாக்கியத்தின் ஆள், 'டோக்கனை' இரண்டாவதன் ஆள் என்று கொண்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும்: அதை அங்கயே வச்சுட்டன், டோக்கனை (அங்கயே வச்சுட்டன்). 'அதை' இல்லாமல் "வச்சுட்டனுங்க, டோக்கனை" என்றாலும் கணக்கு அதுவே. ஏனென்றால் செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டாலும் தமிழில் 'வச்சுட்டன்' முழு வாக்கியம்தான். ஆங்கிலம், பிரெஞ்சு மாதிரியான மொழிகளில் இந்த இடத்தில் ஒரு சுட்டுப்பெயர் அநேகமாக இருந்தே ஆக வேண்டும். நமக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மொழிக்கு மொழி வித்தியாசம் முதல் வாக்கியத்தில்தான். வால் எங்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறு. பீஸ் ரேட் பேசிவிட்டு வந்தவரிடம் கேட்பது: "எவ்வளவுக்குப் பேசுனீங்க, எட்டு ரூவாய்க்கா?" இதில் 'எவ்வளவு' என்ற வினாச்சொல் இருக்கிறது, 'ஆ' என்ற வினா விகுதியும் இருக்கிறது. ஒரே தமிழ் வாக்கியத்துக்குள் இவை இரண்டும் இப்படிச் சேர்ந்து வாழாது. 'எவ்வளவுக்குப் பேசுனீங்களா' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வாலில் 'ஆ' எந்தத் தயக்கமும் இல்லாமல் வருகிறது. முதலாவது ஒரு கேள்வி, வால் இன்னொரு கேள்வி. (எட்டு ரூவாய்க்குப் பேசுனீங்க)ளா என்பதில் 'ஆ' மட்டும் மிஞ்சிய பெயரின் மேல் ஏறிக்கொண்டது. சொந்தமாக ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிற துண்டைப் பிற்சேர்க்கை என்று எப்படிச் சொல்வது?

ஒரு சான்றை நான் கைவிட வேண்டி வந்தது. 'வந்துட்டாருங்க, மேனேஜருங்க' என்று மரியாதை 'ங்க' இரண்டு இடத்திலும் வருவதைக் கேட்டதும், ஆகா, இரண்டு வாக்கியங்களுக்கு இரண்டு 'ங்க' என்று குதித்தேன். கொங்கு நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். 'நானுங்க நேத்துங்க அங்கீங்க' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் போடுகிறவர்களிடம் இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வாலுக்கு ஒரு கறாரான விதி உண்டு. முற்றுக்குப் பின்னால்தான் அது வரும். எச்ச வினைக்குப் பின்னால் வராது. 'அவளை அடிச்ச சூப்பர்வைசர்' என்பதை 'அடிச்ச அவளை சூப்பர்வைசர்' என்று சொல்ல முடியாது. வால் இன்னொரு வாக்கியம் என்றால் இது தானாகவே விளங்குகிறது: ஒரு வாக்கியம் முடியாத இடத்தில் இன்னொன்று எப்படித் தொடங்கும்? 'ன்னு' என்பதற்கு முன் மட்டும் வால் வரும்: "'வாங்கிட்டா, அட்வான்ஸை'ன்னு சொல்றாங்க". அங்கேயும் 'வாங்கிட்டா' முற்றுதான். அடுத்து, வாலானது பெயரெச்சத் தொடருக்குள் நுழைந்து எதையும் தழுவாது. ராஸ் தம் 1967ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இத்தகைய தொடர்களுக்குத் தீவு என்று பெயர் வைத்தார். அங்கிருந்து எதுவும் வெளியேறாது. வால் வாக்கியத்தில் மிஞ்சுகிற சொல் முதலில் முன்னே வந்து நிற்க வேண்டும், பிறகுதான் மற்றது தொகும். 'சூப்பர்வைசர் அடிச்ச' என்ற தீவுக்குள் இருக்கும் சொல்லால் முன்னே வர முடியாது. எனவே 'வெள்ளிக்கிழமையே' என்பது 'நின்னுட்டா' என்பதை மட்டுமே தழுவும்.

இதை நகர்வுக் கட்சியும் விளக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தீவிலிருந்து நகர முடியாது என்றால் முடிந்தது. எச்சக் கட்சிக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பாதி வாக்கியங்கள் சிலபோது தீவைத் தாண்டிவிடுவதை ராஸே கண்டிருக்கிறார். நம் வால் ஏன் தாண்டுவதில்லை? இதற்கு என்னிடம் பாதி பதில்தான் உண்டு: முன்னால் 'யாரோ', 'ஏதோ' என்று ஒரு பிடி கொடுக்கும் சொல் இருந்தால் தாண்டுவது எளிது, 'வெள்ளிக்கிழமையே' என்பதற்கு முதல் வாக்கியத்தில் அப்படிப் பிடி எதுவும் இல்லை. இருந்தாலும் 'அதை… டோக்கனை', 'எவ்வளவு… எட்டா' ஆகியவற்றையும் சேர்த்து விளக்குவது எச்சம் ஒன்றுதான் என்பதால் நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்.

கொண்டுகூட்டுகிறவன் என்ன செய்கிறான் என்பது இப்போது தெரியும். வால் வாக்கியத்தை அழித்து, அதன் மிச்சத்தை முதல் வாக்கியத்துக்குள் திணிக்கிறான். திணிக்கிற இடம் வாக்கியத்தின் தொடக்கம். அங்கே நிற்கும் நாட்பெயர் அடுத்து வரும் வினையைத் தேடுகிறது. அடுத்து வருவது 'அடித்த'. ரெஜிஸ்டர் திறக்கிறது.

நாள் விஷயத்தில் மட்டும் நடப்பதில்லை இது. "சம்பளம் குடுத்துட்டாங்க, பாதி." இதை 'பாதிச் சம்பளம் கொடுத்தார்கள்' என்று நகல் எடுத்தால் என்ன குறைகிறது? கணக்கு குறையவில்லை. குறைந்தது ஒரு கூற்று. பேசியவர் இரண்டு சொன்னார்: குடுத்துட்டாங்க, பாதி. முதலாவது, கம்பெனி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது. இரண்டாவது, இவர் சொல்வது. முதலாளியின் வாக்கியத்தை ஒருதரம் முழுசாகச் சொல்லிவிட்டு அதைப் பாதியாக வெட்டுகிறார். நேராக்கிய வாக்கியத்தில் இந்தச் சண்டையே இல்லை; சாதுவான தகவல்தான் இருக்கிறது. பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு எப்படி வந்து உட்காருகிறது, அதை எழுத்து எப்படிக் கையாள்கிறது என்பதில் அதிகாரம் இருக்கிறது என்று வொலொஷினோவ் 1929இல் எழுதிய 'மார்க்சியமும் மொழித் தத்துவமும்' நூலின் கடைசிப் பகுதி முழுக்க வாதிட்டது. வாலை அவர் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

"அடிச்சாருங்க… சூப்பர்வைசருதான்" என்பதையும் "அடிச்சது சூப்பர்வைசருதான்" என்பதையும் நம் அறிக்கைகளில் ஒன்றாகவே எழுதுகிறோம். இரண்டாவது வால் வாக்கியமே அல்ல; 'அடிச்சது' எழுவாய், 'சூப்பர்வைசர்' பயனிலை. அதில் அடித்தது என்ற சங்கதி ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று. யார் என்பது மட்டுமே செய்தி. முதலாவதில் அடித்தார் என்பதும் ஒரு கூற்று, யார் என்பதும் ஒரு கூற்று. விசாரணையில் எதிர்த்தரப்பு 'இல்லை' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் எதை மறுக்கிறார்கள் என்பது இந்த இரண்டு அமைப்புகளில் மாறிப்போகிறது. வக்கீல்களுக்கு இது நன்றாகவே தெரியும். நகல் எழுதும் நமக்குத்தான் தெரியவில்லை.

வினைக்குப் பின் பெயர் வந்துவிட்டாலே வால் என்று எண்ணிவிடக் கூடாது. 'உயர்ந்தது நூல் விலை' என்று தலைப்பு போடுகிறார்கள். 'வெல்க வேலைநிறுத்தம்' என்று சுவரில் எழுதுகிறோம். பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த 1984ஆம் ஆண்டுப் போராட்டத்தின் ஊர் இது, சுவர்களுக்குப் பஞ்சமில்லை. இவை இலக்கணம் வினைமுற்றுத் தொடர் என்று சொல்லும் 'வந்தான் சாத்தன்' வகை. ஒரே மூச்சு, ஒரே வாக்கியம். சோதனை சுலபம்: உள்ளே ஒரு சுட்டுப்பெயரைப் போட்டுப் பாருங்கள். 'அது உயர்ந்தது நூல் விலை' என்று எந்தப் பத்திரிகையும் போடாது. 'அது ஏறிப்போச்சுங்க, நூல் வெலை' என்று டீக்கடையில் தாராளமாகச் சொல்வார்கள்.

இனி எனக்கு ஒத்துவராத இடம். சூசன் ஹெர்ரிங் 1994இல் பேச்சுத் தமிழின் வால்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். நம் மொழியைப் பற்றி நாம் எழுதியிருக்க வேண்டியது, எழுதவில்லை. பின்னால் வருகிறவை எல்லாம் ஒன்றல்ல என்று அவர் மூன்றாகப் பிரித்தார்: பிறகு நினைவு வந்து சேர்ப்பது, ஏற்கெனவே தெரிந்ததைத் தணிந்த குரலில் சொல்லி வைப்பது, அழுத்தத்துக்காகப் பின்னால் வைப்பது. நான் இதுவரை காட்டியவை பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும். நடுவில் உள்ளதுதான் தொல்லை. "நல்லவருதாங்க, அவரு." இந்த 'அவரு' எந்தப் புதுச் செய்தியும் தரவில்லை. இடையில் நிறுத்தமும் இல்லை. குரல் இறங்கியே போகிறது. இதையும் 'அவரு (நல்லவருதாங்க)' என்று இரண்டாவது கூற்றாக விரிப்பதில் எனக்குத் திருப்தியில்லை. ஓட்டும் டி விரீஸும் இவ்வகையையும் அதே எச்சத்துக்குள் அடக்குகிறார்கள். வேற்றுமைச் சான்றின்படி அவர்கள் சொல்வது சரி; "புடிக்கலீங்க, எனக்கு" என்பதில் குரல் எவ்வளவு தணிந்தாலும் 'கு' வந்தே தீரும். ஆனால் கூற்று இரண்டு என்ற என் வாதம் இங்கே நிற்காது. அமைப்பு இரண்டு, கூற்று ஒன்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியானால் எந்த வால் கூற்று, எந்த வால் வெறும் தணிப்பு என்பதை முடிவுசெய்வது குரல்தான். டேப்பை அழித்துவிட்டு நகலை மட்டும் வைத்திருக்கும் நம் வழக்கம் இதில் எதையும் மிச்சம் வைக்காது. அந்த வெள்ளிக்கிழமை டேப்பும் இப்போது இல்லை. மேலே வேறு ஏதோ பதிவாகிவிட்டது.

கதை எழுதுகிறவர்களிடமும் ஒரு சொல். 'நாகம்மாள்' 1942இல் கொங்குப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தது. திருப்பூரின் சாயத்தை வைத்து 'சாயத்திரை' 1998இல் வந்தது. வட்டார வழக்கு இன்று யாரும் சண்டை போடத் தேவையில்லாத உரிமை. ஆனால் நாம் வட்டாரச் சொல்லை எழுதுகிற அளவுக்கு வட்டாரத் தொடரமைப்பை எழுதுவதில்லை என்பது என் அபிப்பிராயம். 'ங்க' போடுகிறோம், 'புள்ள' என்கிறோம், வாக்கியம் மட்டும் பள்ளிக்கூடத் தமிழ் மாதிரி வினையில் போய் அடக்கமாக முடிகிறது. அப்படியே வால் வைத்தாலும் எல்லா வாலுக்கும் ஒரே காற்புள்ளி. நிறுத்தம் உள்ள வாலுக்கும் நிறுத்தம் இல்லாத வாலுக்கும் வேறு வேறு குறி வைத்தால் குடி முழுகிப்போகாது. நான் இந்தக் கட்டுரையிலேயே அதைச் செய்யவில்லை என்பதும் உண்மை.

திருப்பூர்த் தளங்களில் இப்போது கேட்பது தமிழ் மட்டுமல்ல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறார்கள். "மில் கயா, பைசா?" என்று சனிக்கிழமை ஒருவர் இன்னொருவரைக் கேட்கிறார். கிடைத்ததா, பணம். இந்தியின் வாலைப் பற்றியும் நகர்வா இல்லையா என்ற வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ராஜேஷ் பட்டும் வினீதா தயாளும் 2007இல் அதை வேறு மாதிரி நகர்வாக விளக்கினார்கள். அந்த வழக்கு எப்படியும் முடியட்டும். இவர்களுடைய வாக்குமூலம் நம் கைக்கு வரும்போது நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், அநேகமாக லேபர் காண்ட்ராக்டரின் ஆள். இந்தி வாலை முதலில் அவர் நேராக்குகிறார். அவர் தமிழில் சொல்கிற வாலை அடுத்து நாம் நேராக்குகிறோம். 'மாதத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் கூலி' என்று கேட்கும் படிவத்தில் அது போய் விழும்போது, எந்த நாள் எந்த வினையோடு சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. அவர் அதற்குள் வேறு கம்பெனிக்கோ ஊருக்கோ போயிருப்பார்.